ரூட்டர் பெட்டியா, பழைய பிசியா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீடு, டியூஷன் சென்டர், தோட்ட ஆபிஸ், கோயில் மண்டபம் என்று நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஃபைபர் வந்த பிறகு கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: பாக்கெட்டை (இணையத்தில் போகும் தகவலின் சிறு துண்டு) வழி பார்த்து அனுப்பும் வேலைக்கு சாதாரண கம்ப்யூட்டரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் போதுமா, அதற்கென்றே செய்த சில்லு வேண்டுமா? வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் பண்ணி அலுத்துவிட்டது. அதனால் எல்லாம் இங்கே. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ரூட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தானே அண்ணே? அப்புறம் எதுக்குத் தனியா ஒரு பெட்டி?

ஆமாம், கம்ப்யூட்டர்தான். 1969-இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் தொடங்கியபோது பாக்கெட்டுகளை அனுப்பி வைத்தவை ஹனிவெல் மினி கம்ப்யூட்டர்கள். இன்று உங்கள் டிவி மேசையில் இருக்கும் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் ‘ஐபி ஃபார்வர்டிங்’ என்ற ஒரே ஒரு அமைப்பை 1 ஆக்கினால் போதும், அதுவும் ரூட்டர்.

வேலை என்னவென்று பார்த்தால் சின்னதுதான். பாக்கெட் வருகிறது. போய்ச்சேர வேண்டிய முகவரியைப் பார்த்து, வழிப் பட்டியலில் அதோடு அதிக நீளத்துக்குப் பொருந்தும் வரியைத் தேடுகிறோம். டிடிஎல் எண்ணில் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற எண்) ஒன்றைக் கழித்து, பிழை காட்டும் செக்சம்மைத் திருத்தி, அடுத்த இடத்தின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் முகவரி) ஒட்டி வெளியே தள்ளுகிறோம். இதை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் செய்யும். விநாடிக்கு எத்தனை முறை செய்ய முடியும் என்பதில்தான் தனிப் பெட்டி வேறுபடுகிறது.

கெர்னல் அப்படி என்னதான் பண்ணுது? வாங்கி அனுப்புறதுக்கு இவ்வளவு நேரமா?

கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, ரூட்டராக மட்டும் இருக்கப் பிறந்ததில்லை. அதே குறியீடு உங்கள் பிரௌசருக்கும், பிரிண்டருக்கும், டாக்கர் போன்ற நிரல்களுக்கும் வேலை செய்ய வேண்டும். நெட்வொர்க் கார்டு பாக்கெட்டை மெமரியில் ஒரு வளைய வரிசையில் எழுதிவிட்டு சிபியுவைக் கூப்பிடும். லினக்ஸ் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ‘எஸ்கேபஃப்’ என்ற தனிப் பதிவைத் திறக்கும். பிறகு ஃபயர்வால் விதிகள், எந்தத் தொடர்பைச் சேர்ந்தது என்று பார்க்கும் கனெக்‌ஷன் டிராக்கிங், வழித் தேடல், மறுபடி ஃபயர்வால், வீட்டுக்குள் உள்ள முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் நாட், கடைசியாக வெளியேறும் வரிசை. இத்தனை படிகளையும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஏறி இறங்க வேண்டும்.

1990-களில் இன்னொரு தலைவலியும் இருந்தது. பாக்கெட்டுகள் வெள்ளமாக வந்தால், கார்டு கூப்பிடும் சத்தத்துக்குப் பதில் சொல்லியே சிபியு நேரத்தைத் தீர்த்துவிடும். ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. லைவ்லாக் என்று அதற்குப் பெயர். லினக்ஸில் ‘நாப்பி’ வந்த பிறகு அது அடங்கியது. முதல் பாக்கெட் வந்ததும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, கெர்னல் தானே போய்க் கட்டுக்கட்டாக அள்ளிக்கொள்ளும்.

என் பிளான் 500 எம்பிபிஎஸ். பிசி தாங்குமா, தாங்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்.

தாங்கும். ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் மெகாபிட்டை மட்டும் பார்த்தால் அடுத்த தடவை ஏமாறுவீர்கள்.

செம்பனை ஆலை வாசலில் லாரி நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். பழம் நிறைந்த லாரியோ அரை லாரியோ, தராசில் ஏறி இறங்கிச் சீட்டு வாங்க ஆகும் நேரம் ஒன்றுதான். ஆலை ஒரு நாளில் எத்தனை டன் வாங்கும் என்பதை அந்தத் தராசில் ஏறும் லாரிகளின் எண்ணிக்கைதான் கட்டுப்படுத்தும். கெர்னலுக்கும் அப்படியே: 1500 பைட் பாக்கெட்டுக்கும் 64 பைட் பாக்கெட்டுக்கும் கிட்டத்தட்ட அதே வேலை.

இப்போது எண்கள். ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட். முன்னொட்டு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் அது 84 பைட் இடம் பிடிக்கும். 1 கிகாபிட் கம்பியில் அப்படிப்பட்ட பாக்கெட்டுகள் விநாடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம் வரை வரலாம். முழு நீளப் பாக்கெட்டுகள் என்றால் வெறும் 81 ஆயிரம்தான். யூடியூப், டவுன்லோடு எல்லாம் பெரிய பாக்கெட்; இணைய அழைப்பு, கேம், டிஎன்எஸ் எல்லாம் சின்னது. ஓரளவு புதிய சிபியுவின் ஒரு கோர், கெர்னல் வழியாக விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் பாக்கெட்டுகளைத் தள்ளும். உங்கள் 500 எம்பிபிஎஸ் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

10 கிகாபிட் என்றால் கதை மாறும். சின்னப் பாக்கெட்டுகளாக வந்தால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 67 நானோவிநாடிதான். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கு அது சுமார் 200 துடிப்பு. சிபியுவின் உள் மெமரியான கேஷில் இல்லாத ஒரு தகவலை ரேமிலிருந்து ஒரு தடவை எடுத்து வருவதற்குள்ளேயே அந்த நேரம் தீர்ந்துவிடலாம்.

அப்போ ‘ஹார்ட்வேர் ரூட்டர்’னு சொல்றாங்களே, அதுக்குள்ள என்ன மாயம்?

மாயம் இல்லை, பிடிவாதம். பாக்கெட்டை அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத ஏசிக் சில்லு. தலைப்பைப் பிரிக்கும் பகுதி, முகவரி தேடும் பகுதி, திருத்தும் பகுதி என்று சில்லுக்குள்ளேயே வரிசையாக இருக்கும். ஒரு பாக்கெட் மூன்றாம் பகுதியில் இருக்கும்போதே அடுத்தது இரண்டாம் பகுதியில் இருக்கும். முகவரி தேடப் பெரிய கருவிகளில் பெரும்பாலும் டிகேம் என்ற சிறப்பு மெமரி உண்டு. அது எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும்.

1998-இல் வந்த ஜூனிபர் எம்40 இதற்கு நல்ல உதாரணம். அதில் பாக்கெட்டை அனுப்பியது ஏசிக். வழிகளைக் கற்றுக்கொண்டு பட்டியல் போட்டது ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து செய்த ஜூனோஸ். அதாவது ஹார்ட்வேர் ரூட்டருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. அது முடிவெடுக்கும், சில்லு ஓடும். இன்றைய டேட்டா சென்டர் சில்லு ஒன்று, பிராட்காமின் டொமஹாக் 5, விநாடிக்கு 51.2 டெராபிட் கையாளும். எந்த சிபியுவும் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

ஆனால் டிகேமில் இடம் குறைவு, விலை அதிகம். 2014 ஆகஸ்ட் 12 அன்று உலக வழிப் பட்டியல் சில பழைய ரூட்டர்களின் 512 ஆயிரம் வரி எல்லையைத் தாண்டியது. பல இடங்களில் இணையம் தடுமாறியது. சாதாரண பிசியில் அதே பட்டியல் வந்திருந்தால் சில நூறு மெகாபைட் ரேமில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

கடையில 200 ரிங்கிட்டுக்கு விக்கிறது ஹார்ட்வேர் ரூட்டரா இல்லையா?

பாதி. உதாரணத்துக்கு மீடியாடெக் எம்டி7621 என்ற சில்லு பல வீட்டு ரூட்டர்களில் இருக்கிறது. 880 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு மிப்ஸ் கோர். இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் பாவம். ஆனால் அதே சில்லின் ஓரத்தில் நாட் வேலைக்கென்று ஒரு சின்ன எஞ்சின் உண்டு. ஒரு தொடர்பின் முதல் சில பாக்கெட்டுகள் கெர்னலுக்குப் போகும். அது ‘இந்தத் தொடர்பு இப்படிப் போகட்டும்’ என்று எஞ்சினில் எழுதிவைக்கும். மீதி எல்லாம் சிபியுவைத் தொடாமலே போகும்.

எனவே பெட்டியில் ‘கிகாபிட்’ என்று போட்டிருந்தால் அது துளைகளின் வேகம். எஞ்சின் ஓடினால் அந்த வேகம் வரும். ஓடாவிட்டால் அந்த இரண்டு கோர்கள் தலையில்தான் எல்லாமே.

ஆஃப்லோடு, ஃபாஸ்ட்டிராக், ஃப்ளோ டேபிள்… இதுல எதை ஆன் பண்ணணும்?

ஆஃப்லோடு என்பது சிபியுவின் சுமையைக் குறைப்பது. அதில் இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று மேலே சொன்ன எஞ்சின். இன்னொன்று சாஃப்ட்வேரிலேயே குறுக்கு வழி: வேலையைச் செய்வது அதே சிபியுதான், ஆனால் ஏற்கெனவே தெரிந்த தொடர்பென்றால் இடையில் உள்ள படிகளைத் தாண்டிவிடும். மைக்ரோடிக் ரூட்டர்களின் ஃபாஸ்ட்டிராக் இந்த வகை. லினக்ஸில் ஃப்ளோ டேபிள் 4.16 கெர்னலில், 2018-இல் வந்தது. ரூட்டர்களுக்கான லினக்ஸ் அமைப்பான ஓபன்டபிள்யூஆர்டியில் ‘சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்’ என்று நீங்கள் டிக் பண்ணுவது அதைத்தான்.

பிளான் வேகம் வராமல் சிபியு 100 சதவீதத்தில் முட்டி நின்றால் ஆன் பண்ணுங்கள். முட்டவில்லை என்றால் தொடாதீர்கள். தாண்டப்படும் படிகளில்தான் வரிசைக் கட்டுப்பாடும், பிள்ளைகள் எவ்வளவு டேட்டா இழுத்தார்கள் என்ற கணக்கும் இருக்கின்றன.

ஆன் பண்ணதும் ஸ்பீட் டெஸ்ட் சூப்பர். ஆனா யாராச்சும் வீடியோ அப்லோட் பண்ணா பையன் கேம்ல லேக்னு கத்துறான். ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இங்கே பதில் தெரியாமல்தான் பலர் தேவையில்லாமல் புது ரூட்டர் வாங்குகிறார்கள்.

ஸ்பீட் டெஸ்ட் அளப்பது எவ்வளவு போகிறது என்பதை. கேம் கவலைப்படுவது எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை. அப்லோட் லைன் நிரம்பும்போது பாக்கெட்டுகள் எங்கேயோ ஒரு வரிசையில் குவியும். பெரும்பாலும் ஃபைபர் மோடத்தில், பெரிய, மூளையில்லாத வரிசை. கேம் பாக்கெட் அந்த வீடியோவின் பின்னால் நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி நிற்கும். ரூட்டர் எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் அந்த வரிசை குறையாது; இன்னும் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து வரிசையை நம் கைக்குள் கொண்டு வருவது. லினக்ஸில் ‘கேக்’ என்ற வரிசை முறை 4.19 கெர்னலில், 2018-இல் சேர்ந்தது. அதற்கு முன்பே ‘எஃப்கியூ கோடெல்’ உண்டு. பிளான் வேகத்தில் 90 சதவீதம் வாக்கில் எல்லை வைத்தால் குவியல் மோடத்தில் ஏற்படாமல் நம் ரூட்டரிலேயே நிற்கும். அங்கே ஒவ்வொரு தொடர்புக்கும் முறை வைத்துக் கொடுக்கலாம். ஆனால் இதைச் செய்வது சிபியு. வீட்டு ரூட்டரின் எஞ்சின் வழியாகப் போகும் பாக்கெட்டை கேக் பார்ப்பதே இல்லை. ஆகவே இரண்டில் ஒன்று: ஆஃப்லோடு, அல்லது ஒழுங்கான வரிசை. நான் வீடுகளில் இரண்டாவதைத்தான் வைக்கிறேன். 500-க்கு 450 வந்தால் யாரும் கவனிப்பதில்லை. வீடியோ கால் திக்கினால் உடனே எனக்குத்தான் போன் வரும்.

டியூஷன் சென்டர்ல 40 பிள்ளைங்க. பழைய ஆபிஸ் பிசி ஒண்ணு சும்மா கிடக்கு, அதையே போட்டுடலாமா சார்?

வேகத்தைக் கேட்டால் தாராளமாக முடியும், மேலே எண்கள் இருக்கின்றன. இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்று போட்டு, ரூட்டர் மென்பொருளான ஓபிஎன்சென்ஸோ ஓபன்டபிள்யூஆர்டியோ ஏற்றினால் ஓடும். நான் தயங்குவது வேறு காரணங்களுக்காக.

முதலில் மின்சாரம். பழைய டவர் பிசி 60 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இரவும் பகலும் ஓடினால் மாதம் 43 யூனிட். இன்டெல் என்100 போட்ட மினி பிசி 12 வாட் வாக்கில் என்றால் 9 யூனிட்டுக்குள். 5 வாட் ரூட்டர் என்றால் 4 யூனிட்கூட இல்லை. சும்மா கிடக்கும் பிசி இலவசம் என்று தோன்றும். மாதாமாதம் பில் வரும்போது தெரியும்.

அடுத்தது இடி. நம் பேராக் பக்கத்து மாலை நேர மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைபர் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு இழுத்த செப்பு லேன் கேபிள் நன்றாகவே கடத்தும். தோட்ட ஆபிஸிலிருந்து ஸ்டோருக்கும் லயத்துக்கும் இழுத்த கேபிள்கள்தான் போர்டுகளைக் கொல்கின்றன. கட்டடங்களுக்கு இடையே ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளாக மாற்றும் பெட்டி) போட்டுவிடுங்கள். அது சில்லு ரூட்டரா சிபியு ரூட்டரா என்று இடி பார்ப்பதில்லை.

அப்புறம் டீச்சர், 40 பிள்ளைகளும் ஒரே வைஃபை பெட்டியில் தொங்கினால் திணறுவது அந்த வைஃபை. ரூட்டரை மாற்றிப் பயனில்லை. அந்தக் காசில் இரண்டு ஆக்செஸ் பாயிண்ட் வாங்குங்கள்.

ராஸ்பெரி பை போதாதா?

3பி பிளஸ் வேண்டாம். அதன் ஈதர்நெட் யூஎஸ்பி 2 வழியாக வருவதால் 300 எம்பிபிஎஸ் தாண்டாது. பை 4-இல் உண்மையான கிகாபிட் உண்டு, ஆனால் ஒரே ஒரு துளை. யூஎஸ்பி 3-இல் இன்னொரு அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம். வீட்டுக்குச் சரி.

பிபிபிஓஇ போட்டதும் நாலு கோர்ல ஒண்ணு மட்டும் 100 சதவீதம், மத்த மூணும் சும்மா. சிபியு பழுதா?

பழுதில்லை. நல்ல நெட்வொர்க் கார்டுகள் பாக்கெட்டின் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, தொடர்புகளைப் பல வரிசைகளாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாகக் கொடுக்கும். யூனிஃபை போன்ற சேவைகளில் இணையம் விலேன் 500-இல் (விலேன் என்பது ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்), பிபிபிஓஇ என்ற லாகின் உறைக்குள் சுற்றி வருகிறது. பல கார்டுகளுக்கு அந்த உறைக்குள் பார்க்கத் தெரியாது. எல்லாப் பாக்கெட்டும் ஒரே முகம், ஒரே வரிசை, ஒரே கோர்.

லினக்ஸில் ஆர்பிஎஸ் என்ற வசதி உறையைப் பிரித்துப் பார்த்து கெர்னலிலேயே பங்கிடும். அதை ஆன் பண்ணுங்கள். ஓபிஎன்சென்ஸ் போன்ற இன்னொரு ரூட்டர் மென்பொருளான பிஎஃப்சென்ஸ் என்றால் 2.8-இல் வந்த புதிய பிபிபிஓஇ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். நான்கு கோர் என்று கணக்குப் போட்டு வாங்குமுன் ஒரு கோரின் பலத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆலைக்கு லேயர் 3 சுவிட்ச் வாங்கினா ரூட்டரே வேண்டாமாமே?

லேயர் 3 சுவிட்ச் என்பது ஐபி வழியும் பார்த்து அனுப்பும் சுவிட்ச். ரூட்டர் உள்ளே வேண்டாம், வெளியே வேண்டும். கேமரா ஒரு விலேன், ஆபிஸ் ஒரு விலேன், தராசுக் கம்ப்யூட்டர் ஒரு விலேன் என்று பிரித்தால், அவற்றுக்கிடையே அனுப்புவதை சுவிட்சின் ஏசிக் கம்பி வேகத்தில் செய்யும். அதில் கெர்னலுக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த விலையில் வரும் சுவிட்சுகள் பெரும்பாலும் நாட் செய்யாது, தொடர்பை நினைவில் வைத்துக்கொண்டு அனுமதி கொடுக்கும் ஃபயர்வாலும் இருக்காது. அதிலுள்ள அனுமதிப் பட்டியல் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகத்தான் பார்க்கும். ஆகவே இணையப் பக்கம் ஒரு சின்ன சிபியு ரூட்டர் இருக்கட்டும்.

தராசுக் கம்ப்யூட்டரைக் கேமராவோடு ஒரே விலேனில் போடாதீர்கள் கிராணி ஐயா. இது கேட்காமலே சொல்வது.

டிரேஸ்ரூட் போட்டா நடுவுல ஒரு ரூட்டர் 30 சதவீதம் லாஸ் காட்டுது. கம்பெனிக்காரன்கிட்ட சண்டை போடலாமா?

பொறுங்கள். டிரேஸ்ரூட் வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரிடமும் பதில் வாங்கிக் காட்டும் கருவி. ‘ஹார்ட்வேர் ரூட்டர்’ கேள்வியில் சொன்ன இரண்டு பகுதிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கெட்டைக் கடத்துவது ஏசிக். டிடிஎல் தீர்ந்துபோன பாக்கெட்டுக்கு ‘இங்கே இறந்தது’ என்று பதில் எழுதுவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சின்ன சிபியு. யாரும் அதை மூழ்கடிக்காதபடி விநாடிக்கு இவ்வளவு பதில்தான் என்று எல்லை வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் லாஸ், அந்த சிபியு பதில் எழுத மறுத்தது. அதன் வழியாகப் போகும் பாக்கெட்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த 30 சதவீதம் அடுத்தடுத்த இடங்களிலும் கடைசி வரை தொடர்ந்தால் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

டிபிடிகே, எக்ஸ்டிபி எல்லாம் இருக்கே அண்ணே, இன்னும் ஏசிக் எதுக்கு? (பாலிடெக்னிக் தம்பி)

நியாயமான வாதம். கெர்னலின் படிகள்தான் சுமை என்றால் அவற்றைத் தாண்டிவிடலாமே என்று யோசித்தவர்கள் உண்டு. 2012-இல் லூயிஜி ரிஸ்ஸோவின் நெட்மேப், 900 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒரே கோரால் 10 கிகாபிட் கம்பியைச் சின்னப் பாக்கெட்டுகளால் நிரப்பிக் காட்டியது. இன்டெல்லில் பிறந்த டிபிடிகே, கார்டை கெர்னலிடமிருந்து பிடுங்கி நேராக நிரலிடம் கொடுக்கிறது. எக்ஸ்டிபி 2016-இல் லினக்ஸ் 4.8-இல் வந்தது, கெர்னலுக்குள்ளேயே இருந்துகொண்டு, எஸ்கேபஃப் திறக்குமுன் பாக்கெட்டைப் பிடித்துவிடும். வேண்டாத பாக்கெட்டைத் தூக்கி எறிவது மட்டும் வேலையென்றால் ஒரு கோர் விநாடிக்கு 2 கோடிக்கு மேல் செய்யும்.

ஆனால் டிபிடிகே வழக்கமாக ஒரு கோரை முழுதாக எடுத்துக்கொண்டு, பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் சுழன்றுகொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கான கிகாபிட்டுக்கு மேல் போனால், ஒரு கிகாபிட்டுக்கு எத்தனை வாட் என்ற கணக்கில் ஏசிக்தான் ஜெயிக்கும். புது வகை டனலோ, லட்சக்கணக்கான தொடர்புகளுக்கு நாட்டோ வேண்டுமானால் சிபியு ஜெயிக்கும். அதற்குச் சில்லை மறுபடி வார்க்க வேண்டாம். உன் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எக்ஸ்டிபி எடு தம்பி. சாதாரண லேப்டாப்பிலேயே பழகலாம்.

ஆஃப்லோடு போட்ட ரூட்டர்ல டிசிபிடம்ப் ஓட்டினேன். தொடர்பு தொடங்குற பாக்கெட் மட்டும் தெரியுது, அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஆனா டவுன்லோட் ஓடுது!

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப், கெர்னலுக்கு வரும் பாக்கெட்டைத்தான் பார்க்கும். முதல் சிலவற்றுக்குப் பிறகு எல்லாமே எஞ்சின் வழியாகப் போய்விட்டன என்று ‘200 ரிங்கிட்’ பதிலில் சொன்னேனே, அதுதான் இது. சோதிக்கும் நேரத்துக்கு ஆஃப்லோடை அணையுங்கள். அணைக்க முடியாத இடத்தில் சுவிட்சில் போர்ட் மிரர் (பாக்கெட்டுகளின் நகலை இன்னொரு துளைக்கும் அனுப்பும் வசதி) போட்டு, இன்னொரு லேப்டாப்பில் பிடியுங்கள்.

இதன் தலைகீழும் நடக்கும். பிசி ரூட்டரில் 1500 பைட்டுக்கு மேல், சில சமயம் 60 ஆயிரம் பைட்டுக்கு மேல்கூட பாக்கெட் தெரியும். கம்பியில் அப்படி எதுவும் போகவில்லை. தராசில் ஏறும் எண்ணிக்கையைக் குறைக்க, ஒரே தொடர்பின் பல பாக்கெட்டுகளை ஜிஆர்ஓ ஒன்றாகக் கட்டி கெர்னலுக்குக் கொடுக்கிறது; வெளியே போகும்போது மறுபடி பிரிந்துவிடும். அதை அணைக்க வேண்டாம். எல்ஆர்ஓ என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொன்று கார்டில் இருக்கும். அது கட்டுவதைப் பழையபடியே பிரிக்க முடியாது. பாக்கெட்டை அனுப்பும் இயந்திரத்தில் அதை மட்டும் கட்டாயம் அணைத்துவையுங்கள்.